உள்ளே விட்ட துணி

என் அப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 31 ஆண்டுகள் தையற்கடை வைத்திருந்தார். கடை என்பதுகூடச் சற்று மிகையான சொல்தான். இரண்டு மிதி மிஷின்கள், துணி வெட்ட ஒரு நீண்ட பலகை, காஜா எடுக்கும் பையன் உட்கார ஒரு முக்காலி ஆகியவை போக, அளவு கொடுக்க வருகிறவர் திரும்பி நிற்பதற்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. 1971இல் திறந்த கடையை, பார்வை மங்கியதால் 2002இல் மூடினார். ஊரில் அவரைவிட நன்றாகக் கோட்டுத் தைப்பவர்கள் இருந்தார்கள். கேட்பவர்களுக்கு அந்தக் கடைகளுக்கு வழி சொல்லி அனுப்புபவரும் அவர்தான். அவரிடம் வந்தவை பள்ளிச் சீருடைகள், ரவிக்கைகள், மஞ்சக்குப்பத்து அலுவலகங்களுக்குப் போகிறவர்களின் கால்சட்டைகள், ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளித் துணிகள்.

அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. தினப்படி வேலை ஒன்றைச் செய்கிறவர் அதில் எங்கே தம் பெருமையை வைக்கிறார் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. நான் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பிழைப்பவன் என்பதால் அது என்னைப் பற்றிய கேள்வியும்கூட. கோயில் சிற்பத்தையோ வீணையையோ காட்டிக் கைத்திறனைப் பற்றிப் பேசுவது எளிது, ஏனென்றால் பார்த்தவுடன் வாயடைத்து நிற்கும்படியான பொருள் அங்கே கண்முன் இருக்கிறது. ஒரு காக்கி அரைக்கால்சட்டையையும் ஓர் ஓய்வூதியக் கோப்பையும் வைத்துக்கொண்டு அதே பேச்சைப் பேச முடியுமா என்பதுதான் சங்கடம். முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு அந்தக் கால்சட்டையை உள்பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ரவிக்கையிலிருந்து தொடங்குகிறேன். இதைப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள், ஆண்கள் பெரும்பாலும் அறிய மாட்டார்கள். ரவிக்கையின் பக்கவாட்டில், அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு தையல் போட்டாலே ரவிக்கை முடிந்துவிடும். நல்ல தையற்காரர் அதற்கு வெளியே கால் அங்குலம் தள்ளி இன்னொரு தையலும், அதற்கும் வெளியே மூன்றாவது ஒன்றும் போட்டு, அதற்கப்பால் இருக்கும் துணியையும் வெட்டாமல் உள்ளே விட்டிருப்பார். உடம்பு சற்றுப் பூசினால் முதல் வரியைப் பிரித்தால் போதும். இரண்டாம் வரி ஏற்கெனவே அங்கே தயாராக இருக்கிறது. முன்துணியில் கால் அங்குலம், பின்துணியில் கால் அங்குலம் என்று ஒரு பக்கத்துக்கு அரை அங்குலமும், இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலமும் தளரும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் தையற்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டில் அரை பிளேடு இருந்தால் ஆயிற்று.

கால்சட்டையில் இந்த இடம் பின்பக்கத்து நடுத்தையலில் இருக்கிறது. அப்பா அங்கே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் விடுவார். தையலுக்குக் கொஞ்சம் துணி போக, இடுப்பை இரண்டரை அங்குலம் வரை தளர்த்தலாம். அதற்கு வசதியாக இடுப்புப் பட்டியையும் ஒரே துண்டாக வைக்காமல், பின்நடுவில் சேரும்படி இரண்டு துண்டாக வைப்பார். பள்ளிப் பாவாடைக்கு அடிமடிப்பு மூன்று அங்குலம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் இறக்கினால் அந்த ஆண்டுக்குப் பாவாடை பொருந்திவிடும். வெயிலும் சலவையும் படாத துணி என்பதால் இறக்கிய இடம் மட்டும் அடர்நீலமாகத் தெரியும். நான் படித்த காலத்தில் ஒரு பெண்ணின் பாவாடை அடியில் இருக்கும் கோடுகளை எண்ணினால் அந்தப் பாவாடை எத்தனை வகுப்புப் படித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். என் அக்காவுடையது மூன்று வகுப்புப் படித்தது. தையற்காரர் மகளுக்கே புதுப் பாவாடை இல்லையா என்று தோழிகள் கேட்பார்கள் என்று ஒவ்வொரு ஜூனிலும் அவள் அழுவாள். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டே மடிப்பை இறக்கிக்கொண்டிருப்பார்.

தொழில் கற்க வந்த பையன்களை முதல் மாதத்தில் அவர் மிஷினைத் தொட விட்டதில்லை. பிரிக்கச் சொல்வார். பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பவன் துணியைச் சுருக்கிவிடுவான்; இரண்டு துணிகளையும் விரித்துப் பிடித்து நடுவில் பிளேடால் கீறிக்கொண்டு போகிறவன் ஒருநாள் துணியையே கீறிவிடுவான். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே போய், பிறகு துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால், அது முழு நீளத்துக்கும் ஒரே இழையாக உருவிக்கொண்டு வரும். துணிக்கு ஒன்றும் ஆகாது. மிஷின் தையல் என்பது இரண்டு நூல்களின் பூட்டு என்பது இதைச் செய்யும்போதுதான் பையனின் கைக்குப் புரிகிறது. ஊசியில் வரும் மேல்நூலும் பாபினிலிருந்து வரும் அடிநூலும் துணியின் கனத்துக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்நூல் அளவுக்கு மீறி இறுகினால் அடிநூல் மேற்பரப்பில் புள்ளிபுள்ளியாக எட்டிப் பார்க்கும். தளர்ந்தால் அடிப்பக்கத்தில் வளையம் வளையமாகத் தொங்கும். அப்படி இறுக்கம் தவறிய தையலை அவசரத்தில் பார்க்கிறவருக்குக் குறை தெரியாது. பிரிக்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அறுக்காமலே ஒரு நூல் சரசரவென்று கையோடு வந்துவிடும். பத்துப் பேர் தைத்ததைப் பிரித்தவனுக்கு எவன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்பது தெரியும் என்று அப்பா சொல்வார்.

ஒருமுறை ஒருவர் வேறு கடையில் தைத்த கால்சட்டையைத் தளர்த்திக் கொடுக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து பார்க்க அருமையான வேலை. மடிப்புக்கூட கத்தி முனை போல நின்றது. அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். உள்ளே கால் அங்குலம்கூட இல்லை, தையலை ஒட்டி ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அவர் போன பிறகு என்னிடம், “அளவு எடுத்த அன்னைக்கு மட்டும் பொருந்தறதுக்குத் தைச்சிருக்கான்டா” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கால்சட்டையின் ஆயுளைக் கணக்குப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

இந்த வழக்கத்துக்குச் செலவு உண்டு. உள்ளே விடும் துணி வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியது. பத்து சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்துவரச் சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் படரும். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று தட்டானைச் சொன்ன ஊர் தையற்காரனை மட்டும் நம்பிவிடுமா? அதனால் வெட்டியதில் மிஞ்சியதை, கையகலத் துண்டாக இருந்தாலும், சுருட்டித் தைத்த சட்டையின் பைக்குள் வைத்தே கொடுப்பார். ஆனால் உள்ளே விட்டிருப்பதை யாருக்கும் புரட்டிக் காட்ட மாட்டார். ஏன் காட்டக்கூடாது என்று நான் கேட்டதற்கு, வேண்டியபோது அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அது வியாபாரம் தெரியாத செயலாக எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

தீபாவளிக்கு முந்தைய இருபது நாட்களில் அவரும் இந்த ஒழுங்கிலிருந்து இறங்கிவிடுவார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிவரை மிஷின் ஓடும். ரவிக்கையில் மூன்றாம் வரி காணாமல் போகும், காஜாவின் நெருக்கம் குறையும், கையால் ஓட வேண்டிய எம்மிங், அதாவது ஓரமடிப்புத் தையல், மிஷினில் ஓடிவிடும். பண்டிகை முடிந்த வாரத்தில் அவர் முகம் சரியாக இராது; நான் அதைத் தூக்கக் குறைவு என்று நினைத்திருந்தேன். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர், தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை கையில் பிடிக்கிறது என்று கொண்டுவந்தார். அப்பா கையைத் தளர்த்தியதோடு விடாமல், பக்கத் தையலையும் முழுக்கப் பிரித்து, மூன்று வரியும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. அந்த அம்மாள் கேட்டது கைக்கு மட்டும்தான். எதற்கு இவ்வளவு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஆயத்த ஆடையைத் திட்டும் கட்டுரையாக இது மாறிவிடக்கூடாது என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஓவர்லாக் மிஷினில் ஊசியின் பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டே ஓரத்தை நறுக்கிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் சட்டைக்கு அரை அங்குலம் மிச்சம் பிடித்தால் மொத்தத்தில் அது பெரும் பணம். அந்த மிஷினில் உட்காரும் பெண்ணுக்கு அதைப் போடப் போகிறவன் யாரென்று தெரியாது. அவன் பருப்பானா மெலிவானா என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. அவள் கையில் குறை இல்லை. இருந்தும் சில சட்டைகளின் உள்ளோரத்தில் உபரியாக ஒரு பொத்தானைத் தைத்து அனுப்புகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொழிற்சாலையிலும் எவரோ ஒருவர் அப்பாவைப் போல யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

1994இல் நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தையற்காரர் மகன் நாற்காலி வேலைக்குப் போனதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மகிழ்ச்சியைவிட நிம்மதிதான் அதிகம்: நூல்பிசிறு ஒட்டாத சட்டையோடு மாலையில் வீடு திரும்பலாம், கையால் செய்யும் வேலையிலிருந்து தப்பித்தாயிற்று. அங்கே என்னை முதலில் அனுப்பிய இடம் பதிவறை. என் கையில் கொடுத்த பொருள்கள் ஊசி, நூல், பிளேடு.

காரணம் இது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. மாவட்டம் வரைபடத்தில் ஒரே நாளில் பிரிந்துவிடும். கோப்புகள் அப்படிப் பிரிவதில்லை. திண்டிவனத்துக்காரர் ஒருவருடைய மனுவும் சிதம்பரத்துக்காரர் ஒருவருடைய மனுவும் ஒரே கோப்பில் சேர்த்துத் தைக்கப்பட்டுக் கிடக்கும். முடிந்த கோப்புகளை நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. என்று நான்காக வகைப்படுத்துவது எங்கள் வழக்கம். நிரந்தரமாக வைக்க வேண்டியவை, பத்தாண்டு வைக்க வேண்டியவை, மூன்றாண்டு, ஓராண்டு என்று பொருள். அவற்றை மேலுறை வைத்து இடப்பக்க ஓரத்தில் தைத்து, கட்டாகக் கட்டி அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். அந்தத் தையல்களைப் பிரித்து, விழுப்புரத்துக்குப் போக வேண்டியதை எடுத்து, மிச்சத்தை மறுபடி தைக்க வேண்டும். நான் முதல் கோப்பை எடுத்து நூலைப் பிடித்து இழுத்தபோது, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்த பதிவறை எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, “தம்பி, இழுக்காத. அங்கங்க அறுத்துட்டு அந்தப் பக்கத்திலேர்ந்து உருவு” என்றார். அப்பா எப்போது இங்கே வந்தார் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன்.

அவர் கடுமையான மனிதர், பேச்சு குறைவு, வெற்றிலை அதிகம். குண்டூசியைப் பதிவறைக்குள் அனுமதிக்க மாட்டார். கடற்காற்று அடிக்கும் ஊரில் குண்டூசி ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். எடுத்தால் பழுப்பு வளையத்தோடு ஓர் ஓட்டைதான் மிஞ்சும். பசையையும் அனுமதிக்க மாட்டார். ஒட்டியதைக் கிழிக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது என்பார். நூல் மட்டும்தான், அதிலும் முடிச்சு பின்பக்கம் வர வேண்டும், முடிச்சுக்குப் பிறகு நுனி அரை அங்குலம் நீண்டிருக்க வேண்டும், அடுத்து அவிழ்க்கிறவனின் நகத்துக்கு அது அகப்பட வேண்டும்.

ஓரம் என்றால் என்னவென்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். தாளின் இடப்பக்கத்தில் போதிய ஓரம் விட்டு எழுத வேண்டும் என்பது எந்த எழுத்தரும் முதல் நாளே கேட்கும் விதி. தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் விளிம்பிலிருந்தே எழுதியிருந்தார்கள். எழுதிய அன்று அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. கோப்பு முடிந்து தைக்கப்பட்ட பிறகு, ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் தையலுக்குள் போய் மறைந்துவிடும். ஒரு நிலத் தகராறுக் கோப்பில் ‘ல்லை’ என்று ஒரு வரி தொடங்கியது. அது ‘இல்லை’யா ‘எல்லை’யா என்று நானும் இன்னொரு உதவியாளரும் அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் பெரியவர் வந்து, பேசாமல் நாலு தையலை அறுத்து, தாளை மெல்ல விரித்துக் காட்டினார். எல்லைதான். இரண்டு விரற்கடை வெள்ளைத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டில் அப்பா ஒரு பேன்டின் பின்தையலை ஓட்டிக்கொண்டிருந்தபோது முதல்முறையாக நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

இத்தனையும் பார்த்த நான்தான் சில ஆண்டுகள் கழித்து அந்தத் தவற்றைச் செய்தேன். அப்போது வேறோர் அலுவலகத்தில் இருந்தேன். இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டிருந்தார். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி ஒன்று முரண்பட்டதால், அதைத் திருத்தி அனுப்பும்படி அந்த ஊழியர் முன்பு வேலை செய்த அலுவலகத்துக்குப் பதிவேட்டை நான்தான் அனுப்பினேன். அனுப்பியது எனக்குத் தெரியும், யாரிடம் பேசினேன் என்பதும் தெரியும். ஆகவே குறிப்பில் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த தபாலுக்குப் போய்விட்டேன். கடித எண் இல்லை, நாள் இல்லை, எந்த அலுவலகம் என்றுகூட இல்லை. மூன்றாவது வாரம் எனக்கு மாற்றல் வந்தது. எனக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவர் கோப்பைத் திறந்து, எல்லாம் நடந்துவிட்டது என்று என் வரியே சொல்வதைப் படித்துவிட்டு மூடி வைத்தார். அவர் மேல் குற்றம் இல்லை. அந்த அம்மாள் எட்டு மாதம் நடந்தார். ஒரு தேநீர்க் கடையில் அந்த உதவியாளரை யதேச்சையாகச் சந்தித்தபோதுதான் எனக்கு இது தெரிய வந்தது. பதிவேடு எங்கே இருக்கிறது என்று நான் அந்த இடத்திலேயே, தேநீர் ஆறுவதற்குள், சொல்லிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்கான பதில் எட்டு மாதம் என் தலைக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எழுதும் குறிப்புகள் நீண்டுவிட்டன. என்ன செய்தோம் என்பதோடு, ஏன் அப்படிச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம், பதில் வராவிட்டால் எந்தத் தேதிக்கு மேல் நினைவூட்ட வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். என் இருக்கைக்கு வரும் தபால்களைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டில் ஒரு நடப்பை முடிக்கும்போது, நாளைக்கே நான் இந்த இருக்கையில் இல்லாமல் போனால் புதிதாக வரும் பிள்ளை இதை யாரையும் கேட்காமல் தொடர முடியுமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கண்காணிப்பாளர்கள் சிலர் பாதியை அடித்திருக்கிறார்கள். கதை எழுதுகிறார் என்று ஒரு பெயரும் உண்டு. இப்போது கோப்புகள் கணினிக்குள் போய்விட்டன, அங்கே ஊசியும் இல்லை, நூலும் இல்லை, ஓரமும் இல்லை. ‘உரிய நடவடிக்கை’ மட்டும் அப்படியே இருக்கிறது.

பதிவறைப் பெரியவரின் பிடிவாதத்துக்கு நான் பார்த்த பெரிய சாட்சி 2011 டிசம்பர் 30. அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. முந்திரியும் பலாவும் மாவட்டம் முழுவதும் சாய்ந்துகிடக்க, வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் தெருத்தெருவாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த நாட்களில், கூரை ஒழுகி நனைந்த பழைய கட்டுகளை நாங்கள் வராந்தாவுக்கு எடுத்துவந்தோம். நூலால் தைத்தவற்றை அறுத்து உருவி, தாள் தாளாகப் பிரித்து, கயிறு கட்டிக் காயப்போட்டோம். மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் காலத்துக்குப் பின் பசை போட்டு ஒட்டிய கட்டுகள் செங்கல்லாக இருந்தன. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. முன்பு தேவனாம்பட்டினத்துக் கரையில் கட்டுமரத்தைக் கடலிலிருந்து இழுத்துவந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஆணி அடித்திருந்தால் அது நடக்காது. அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டிய பாடமே அன்று, நாங்கள்தான் படித்துக் கெட்டுப்போனோம் போலிருக்கிறது.

வேலையில் பெருமை என்று பேசத் தொடங்கினால் ஒரு வகைச் சோம்பேறித்தனமான உபதேசம் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். பிடித்த தொழிலைச் செய், செய்கிற தொழிலைக் கும்பிடு, பலன் தானே வரும் என்பார்கள். அப்பாவுக்குத் தையல் பிடித்த தொழிலாக ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு ரேடியோ பழுதுபார்க்கத்தான் ஆசை. பதின்மூன்று வயதில் வீட்டில் கொண்டுபோய்த் தையற்கடையில் விட்டார்கள். பிடிக்காத தொழிலையும் ஒருவர் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு அவர்தான் எனக்குத் தெரிந்த சான்று. பலனும் தானே வரவில்லை. ஒரு பள்ளிக்கு ஒரே மாதத்தில் 140 சீருடைகள் தைத்துக் கொடுத்துவிட்டு, கூலிக்கு ஒன்றரை ஆண்டு அலைந்தார். அவருடைய வேலையை அந்தப் பள்ளியில் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். புகழ்கிறவன் காசு கொடுக்கத் தாமதிப்பான் என்ற எச்சரிக்கை அதிலிருந்துதான் எனக்கு வந்தது.

அவருடைய தாய்மாமன் ஒருவர் புதுச்சேரி முதலியார்பேட்டையில் மில்லில் தறி ஓட்டியவர். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் அந்த மில்லைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தே நூலின் நம்பர் சொல்லுவார் என்று அப்பா வியந்து பேசுவார். அதே மனிதர்தான் இளவயதில் வேலைநிறுத்தத்திலும் நின்றார். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி மில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டில் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேரம் சட்டமானது. விரலால் நூலை அறிந்தவருக்கு அந்த அறிவு மட்டும் போதுமென்றிருந்தால் அவர் தெருவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. வேலையில் சுத்தம் இருக்கிறவர்கள்தான் கூலியிலும் நேரத்திலும் சுத்தம் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், அந்தத் தயக்கத்தை மட்டும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் உண்டு.

அப்பா 2009இல் காலமானார். மிஷின்களை ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார். சென்ற ஆண்டு வீடு மாறும்போது பெட்டி ஒன்றின் அடியிலிருந்து 1998இல் என் திருமணத்துக்காக அவர் தைத்த பேன்ட் கிடைத்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் டெரிகாட்டன். அந்தத் துணிக்குச் சாவே கிடையாது என்பது தெரிந்ததுதான். போட்டுப் பார்த்தேன், இடுப்பில் இரண்டு அங்குலம் சேரவில்லை. லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், பெரும்பாலும் ஆல்டரேஷன் வேலை மட்டும் செய்யும் கடைக்கு எடுத்துப் போனேன். முப்பது வயது இருக்கும் அந்தத் தையற்காரருக்கு. இணையத்தில் வாங்கிய ஜீன்ஸ்களின் காலைக் குட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

பேன்டை வாங்கி, மேலே பார்க்காமல் நேராக உள்ளே புரட்டினார். பின்தையலை விரலால் அளந்தார். “ஒன்றரை இருக்கு சார்” என்றார், யாரிடமோ சொல்வது போல. அரை பிளேடை எடுத்து, நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே கீழே இறங்கினார். திருப்பிப் போட்டு மறுபக்கத்து நுனியைப் பிடித்து இழுத்தார். இருபத்தேழு ஆண்டுகள் உள்ளே இருந்த நூல் ஒரே இழையாக வந்தது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வோர் அங்குலம் விட்டு ஓட்டினார். மிஞ்சிய அரை அங்குலத்தை வெட்டப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மடித்து அழுத்திவிட்டு, இடுப்புப் பட்டியைச் சேர்த்து முடித்தார்.

புரட்டிக் கொடுத்தபோது பின்நடுவில், மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே போகப் போகக் குறுகி, அடர்ந்த காப்பி நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. சுற்றிலும் இருந்த துணி வெளுத்துப் போயிருந்தது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைத் தையற்காரர் தவறாகப் புரிந்துகொண்டார்.

“சட்டையை வெளிய விட்டுக்குங்க சார்,” என்றார். “தெரியாது.”